ஒன்பதாம் நம்பர் ஷூ

விழுப்புரம்
24-10-2025

அன்புத் தங்கை சாஜிதாவுக்கு அண்ணன் ஜமால் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். சர்க்கரை நூற்று நாற்பதில் அடங்கி நிற்கிறது. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? தையல் மிஷினைக் குறைத்துக்கொண்டாயா, இல்லை இந்தத் தீபாவளிக்கும் பிளவுஸ் எல்லாம் உன் தலையில்தான் விழுந்ததா?

பெனாசிர் விசா அனுப்பிவிட்டாள். நவம்பர் ஐந்தாம் தேதி சென்னையிலிருந்து விமானம். துபாயில் மகள் வீட்டில் தொண்ணூறு நாள். விசாவில் 'டூரிஸ்ட்' என்று அச்சடித்திருக்கிறான். அதே ஊரில் இருபத்தேழு வருஷம் ஜெனரேட்டர் ரூமில் கிடந்தவனைப் பார்த்து டூரிஸ்ட் என்கிறான். படித்துவிட்டு நானே சிரித்தேன்.

போனில் பேசலாமே என்று ஆரம்பிக்காதே. அந்த ஜெனரேட்டர் என் காதைத் தின்றுவிட்டது. நீ ஒன்று சொன்னால் எனக்கு ஒன்று கேட்கிறது. வாட்ஸ்அப் என்றால் மகள் போனுக்குத்தான் வரவேண்டும். நமக்கு நடுவில் மூன்றாம் ஆள் எதற்கு? அவள் ஆபீஸ் போஸ்ட் பாக்ஸ் நம்பரை அடியில் எழுதியிருக்கிறேன்.

பெட்டி காலியாகத்தான் போகிறது. வழக்கம்போல லிஸ்ட் அனுப்பு. கோடாலித் தைலம் எத்தனை, பால் பவுடர் எத்தனை டின், யாருக்கு எந்த சென்ட் என்று தெளிவாக எழுது. போன தடவை மாதிரி கடைசி நேரத்தில் 'இன்னும் ரெண்டு' என்று சொல்லாதே. போன தடவை என்பது பத்து வருஷத்துக்கு முன்னால் என்றாலும் எனக்கு மறக்கவில்லை.

உன் நலம் கோரும்
ஜமால்

திண்டிவனம்
29-10-2025

மரியாதைக்குரிய அண்ணனுக்கு சாஜிதாவின் சலாம். என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. அதை விடுங்கள்.

லிஸ்ட் கிடையாது. கோடாலித் தைலம் இங்கே மேம்பாலத்துக்குக் கீழே எல்லாக் கடையிலும் விற்கிறான். பால் பவுடர் குடித்த பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது பிள்ளைகள் பிறந்துவிட்டன.

நீங்கள் லீவில் வந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு பெட்டி, கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. ஊரே வந்து உட்காரும். ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் காலிப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். போன வருஷம் போட்டிருந்த அதே நீலக் கோட்டுச் சட்டை. மஹபூப் பீவி மதினி ஒருநாள் கேட்டுவிட்டார்கள்: "ஊருக்கெல்லாம் வாங்கினு வர்றீங்களே, உங்களுக்கு இன்னா வாங்கினீங்க?" நீங்கள் ரப்பர் செருப்பைக் காட்டினீர்கள். மதினி இப்போது இல்லை. அந்தக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

அதனால் இந்தத் தடவை உங்களுக்கு மட்டும் வாங்குங்கள். விழுப்புரம் வீட்டை வாராவாரம் போய்த் திறந்து பெருக்கி வைக்கிறேன். மருந்தை மறக்காதீர்கள்.

துவாவுடன்
சாஜிதா

துபாய்
10-11-2025

அன்புள்ள சாஜிதாவுக்கு, சலாம். சுகமாக வந்து சேர்ந்தேன். மகள் வீடு பதினான்காவது மாடி. ஜன்னலைத் திறந்தால் நான் குடியிருந்த தேரா தெரிகிறது, மேலேயிருந்து பார்த்தால் சுத்தமான ஊர் மாதிரி.

வந்த மறுநாள் பெனாசிர் ஒரு கவரை என் கையில் வைத்தாள். ஆயிரத்து ஐந்நூறு திர்ஹம். "அத்தா, இத்தினி வருஷத்துல என் கையால நீங்க ஒத்த ரூபா வாங்கினதில்ல. இது உங்களுக்கு மட்டும். வேற யாருக்காச்சும் செலவு பண்ணீங்கன்னா எனக்கு மனசு ஒடஞ்சிரும்" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

மாலுக்குக் கூட்டிப் போனாள். காப்பி இருபத்துநாலு திர்ஹம். நம்ம பணத்தில் ஐந்நூற்று எழுபது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தெட்டு டீ குடிக்கலாம். குடித்தேன், தொண்டையில் இறங்கவில்லை. எதைத் தொட்டாலும் மனது தானாகப் பெருக்க ஆரம்பிக்கிறது. பெருக்கி முடித்ததும் கை தானாகப் பொருளை வைத்துவிடுகிறது.

இனி எழுதப்போவதைப் பெனாசிருக்குச் சொல்லமாட்டேன் என்று முதலில் சத்தியம் பண்ணு.

நேற்று ஞாயிறு. எங்கள் காலத்தில் வெள்ளிக்கிழமை லீவு, இப்போது ஞாயிறு. தனியாகத் தேராவில் நடந்துகொண்டிருந்தேன். பணம் அனுப்புகிற கடை வாசலில் நீள வரிசை. யூனிஃபார்ம் போட்ட பையன்கள், கையில் ரோலாகச் சுருட்டிய நோட்டு. நானும் போய் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று கேட்காதே, தொட்டில் பழக்கம் கபர் வரைக்கும். என் முறை வந்ததும் கண்ணாடிக்குள் இருந்தவன் "எவ்வளவு?" என்றான். கவரை அப்படியே உள்ளே தள்ளினேன். பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். உன் பாங்க் கணக்கு நம்பர் எனக்கு மனப்பாடம், மூச்சுவிடாமல் சொன்னேன். ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது பார், அது மாதாமாதம் வந்த அதே நிம்மதி.

டீக்கடை வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி ஓடினேன். "போயிடுச்சு பாய்" என்றான்.

என்ன செய்யலாம் என்று எழுது. மகள் தினமும் "இன்னா வாங்கினீங்க அத்தா?" என்று கேட்டுக்கினு இருக்கிறாள்.

புத்தி கெட்ட அண்ணன்
ஜமால்

திண்டிவனம்
25-11-2025

அண்ணனுக்கு சலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உங்கள் உடம்பைவிட மூளையைப் பற்றித்தான் கவலை.

பத்தாம் தேதி காலையில் என் போனில் முப்பத்துநாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் வரவு என்று மெசேஜ். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி பார்த்துவிட்டு, "அக்கா, தொடாதீங்க, இப்படித்தான் மொதல்ல போடுவான், அப்புறம் மொத்தத்தையும் உருவிக்கினு போவான்" என்று போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். இரண்டு நாள் என் போன் அரிசிக்குள் இருந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பெனாசிர் எனக்குப் போன் பண்ணினாள். "அத்தை, அத்தா இன்னா வாங்கினாருன்னு எழுதினாரா?" என்று அந்தப் பிள்ளை ஆசையாகக் கேட்கிறது. "வாங்கிக்கினு இருக்காரும்மா, நிதானமா" என்றேன். இந்த வயதில் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

கோட்டக்குப்பம் ஹமீத் பாய், உங்கள் பழைய ரூம்காரர், இருபத்தேழாம் தேதி துபாய் திரும்புகிறார். அவரோடு புதுச்சேரி போய், பணம் மாற்றுகிற கடையில் அவர் பாஸ்போர்ட்டைக் காட்டி அத்தனையையும் திர்ஹமாக்கினேன். ஆயிரத்து நானூற்றுப் பத்துதான் வந்தது. போகும்போது ஒரு விலை, வரும்போது ஒரு விலையாம். நீங்கள் வரிசையில் நின்ற ஆசைக்குத் தொண்ணூறு திர்ஹம் தண்டம். பணமும் இந்தக் கடிதமும் அவர் கையால் வரும். தோலோடு வறுத்த மல்லாட்டை இரண்டு கிலோ வைத்திருக்கிறேன், அது பேத்திக்கு.

லிஸ்ட் கிடையாது என்று எழுதியிருந்தேன். இப்போது இருக்கிறது. நடக்கிற ஷூ ஒரு ஜோடி, ஒன்பதாம் நம்பர், அகலப் பாதம், அடி மெத்தென்று இருக்கவேண்டும். சட்டை இரண்டு, நாற்பத்திரண்டு சைஸ், நல்ல பருத்தி. கைக்கடிகாரம் ஒன்று, எண்கள் பெரிதாக. அத்தர் ஒரு சின்னக் குப்பி.

யாருக்கு என்று கேட்காதீர்கள். எனக்கு மிகவும் வேண்டியவர். வாய் திறந்து ஒன்று கேட்கத் தெரியாதவர். அவருக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். மலிவாக வாங்கினால் எனக்குத் தெரிந்துவிடும், எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். பெனாசிருக்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

சாஜிதா

துபாய்
30-11-2025

அன்புத் தங்கைக்கு சலாம். நாங்கள் எல்லோரும் நலம். ஹமீத் வந்தான். இரண்டு பேரும் அரை மணி நேரம் கட்டிப்பிடித்து நின்றோம். அவனுக்கும் இடது காது போய்விட்டது. அவன் கத்த நான் கத்த, பக்கத்துக் கடைக்காரன் சண்டை என்று நினைத்து விலக்க வந்துவிட்டான்.

பணம் சரியாக இருக்கிறது. மல்லாட்டை பேத்திக்குப் போய்ச் சேரவில்லை, வழியிலேயே முடிந்தது.

யார் சாஜிதா அது? எனக்குத் தெரியாமல் உனக்கு மிகவும் வேண்டியவர் திண்டிவனத்தில் யார் இருக்கிறார்? ஷூ, சட்டை, கடிகாரம், அத்தர். அத்தர் எதற்கு? ஹமீதிடம் கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும், தங்கச்சி சிரிச்சிக்கினே குடுத்துச்சு" என்கிறான். சிரித்துக்கொண்டே என்றால் என்ன அர்த்தம்?

கேட்கக் கூடாது என்றாய், கேட்கவில்லை. ஆள் என் உயரம் இருப்பாரா என்று மட்டும் எழுது, சட்டை வாங்கவேண்டும். கால் என் சைஸ்தான், ஷூவைப் போட்டுப் பார்த்து வாங்கிவிடுவேன்.

உடனே பதில் போடு.

ஜமால்

துபாய்
14-12-2025

அன்புள்ள சாஜிதாவுக்கு சலாம். இரண்டு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. தினமும் பெனாசிர் ஆபீஸிலிருந்து வரும்போது அவள் கையைப் பார்க்கிறேன். அங்கே மழை என்று டிவியில் காட்டினார்கள். மழையா, இல்லை என் கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சமா?

நானே சொல்லிவிடுகிறேன். யோசித்து யோசித்து எனக்கு விளங்கிவிட்டது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பாய்?

உன் மாப்பிள்ளை மௌத்தாகி நீ தனியானபோது உனக்கு முப்பத்தாறு வயது. நான் இங்கே இருந்தேன். மாதாமாதம் பணம் அனுப்பினேன். உன் மகள் கல்யாணத்துக்கு அனுப்பினேன், வீட்டுக்குத் தளம் போட அனுப்பினேன். அண்ணன் கடமை அதோடு முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன். 'உனக்கு ஒரு துணை வேணுமாம்மா?' என்று ஒரு கடிதத்தில்கூடக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம். பணம் அனுப்புவது சுலபம் சாஜிதா. கேட்பதற்குத்தான் எனக்குத் தைரியம் இல்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஐம்பத்தெட்டு வயதில் உன் மனதுக்குப் பிடித்த ஒருவர் இருந்தால், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதே. நான் வந்து முன்னால் நிற்கிறேன். ஜமாஅத்தில் நானே பேசுகிறேன்.

எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை மனது பெருக்கவில்லை. ஷூ ஐந்நூற்று இருபது, சட்டை முந்நூறு, கடிகாரம் அறுநூறு, அத்தர் நூற்றைம்பது. நீ அனுப்பியதுக்கு மேலே என் கைக்காசு நூற்று அறுபது. பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அவர் நல்ல மனிதர்தானே? அதை மட்டும் எழுது.

உன் அண்ணன்
ஜமால்

திண்டிவனம்
17-12-2025

அண்ணனுக்கு சலாம். உங்கள் நவம்பர் முப்பதாம் தேதிக் கடிதம் நேற்றுதான் வந்தது. இங்கே விடாமல் மழை, தெருவெல்லாம் தண்ணீர். தபால்காரர் ஜெகதீசன் பேன்ட்டை முட்டிவரை மடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். உங்கள் விழுப்புரம் வீடு ஒழுகவில்லை.

ஆள் உங்கள் உயரம், உங்கள் உடம்பு. பிடிவாதமும் ஏறக்குறைய அதே அளவு.

வாங்கி முடித்திருந்தால் இன்னொரு வேலை. புது ஷூ அவரைக் கடிக்கும், கடித்தாலும் வெளியே சொல்லமாட்டார். நீங்கள் தினமும் காலையில் ஒரு மணி நேரம் போட்டு நடந்து பழக்கிக் கொண்டுவாருங்கள். சட்டையைத் துவைத்து இரண்டு மூன்று தடவை உடுத்தி மொடமொடப்பைப் போக்குங்கள். கடிகாரத்தைக் கையிலேயே கட்டிக்கொள்ளுங்கள், பெட்டியில் வைத்தால் நின்றுவிடும். அத்தர் அசலா என்று நீங்களே போட்டுப் பார்க்கவேண்டும்.

ஜல்தியாகச் செய்யுங்கள்.

சாஜிதா

துபாய்
4-1-2026

தங்கைக்கு சலாம். உடம்பு முன்னைவிட நன்றாக இருக்கிறது, சர்க்கரை நூற்றுப் பதினைந்துக்கு இறங்கிவிட்டது. காரணம் கீழே வருகிறது.

நான் டிசம்பர் பதினாலில் எழுதியது உனக்குக் கிடைக்கவில்லை என்று தெரிகிறது. கிடைத்திருந்தால் ஷூவைப் பழக்கச் சொல்லி எழுதியிருக்கமாட்டாய், அழுதிருப்பாய்.

நீ சொன்னபடியே செய்தேன். ஒரு வாரமாக விடிந்ததும் கிரீக் ஓரமாக நடக்கிறேன். கிரீக் என்றால் ஊர் நடுவில் நுழைந்திருக்கிற கடல். இந்தக் கரை தேராவில் என் ரூம், அந்தக் கரையில் என் ஜெனரேட்டர். அப்ரா என்கிற மரப்படகில் தினமும் போய்வருவேன், அப்போது கால் திர்ஹம். இப்போது ஒரு திர்ஹமாம். ஷூ கடிக்கவேயில்லை. நடப்பது போலவே இல்லை, யாரோ தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. உன் ஆள் கொடுத்துவைத்தவர்.

இப்போதுதான் பேஜாரு. நேற்று நடந்துவிட்டு வீட்டுக்குள் வருகிறேன், புதுச் சட்டை, கடிகாரம், ஷூ. அத்தர் வேறு. பெனாசிர் சமையல்கட்டிலிருந்து பார்த்தவள் கரண்டியோடு ஓடிவந்தாள். "உங்களுக்குன்னு வாங்கிட்டீங்களா அத்தா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "அம்மா பார்க்காம போயிட்டாங்களே" என்கிறாள். ஊரான் ஷூவைப் போட்டுக்கொண்டு, ஆமாம்மா என்றேன்.

போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். இனி இதை அந்த ஆளுக்கு எப்படிக் கொடுப்பது? கொடுத்தால் மகள் மனது உடையும். கொடுக்காவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? இன்னொரு செட் வாங்க என்னிடம் நாற்பது திர்ஹம்தான் இருக்கிறது. அவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். ஊருக்கு வந்ததும் விழுப்புரத்திலேயே நல்லதாக வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

தவிப்போடு
ஜமால்

திண்டிவனம்
6-1-2026

என் அண்ணனுக்கு சலாம். உங்கள் டிசம்பர் பதினாலாம் தேதிக் கடிதம் இருபத்துமூன்று நாள் கழித்து இன்றுதான் வந்தது. எங்கே சுற்றிவிட்டு வந்ததோ, ஓரம் நனைந்திருக்கிறது. மிஷினில் உட்கார்ந்தபடியே படித்தேன். கிருஷ்ணவேணி பயந்துபோய் ஓடிவந்தாள், நான் அப்படிச் சிரித்தேனாம். பிறகு அவள் போனதும் அழுதேன்.

எனக்கு மாப்பிள்ளை யாரும் இல்லை அண்ணே. ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு ஆளுக்குச் சோறு வடிக்க என் முட்டி ஒத்துக்கொள்ளாது. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள். இன்றைக்கு அது எனக்கு வேண்டாம். நீங்கள் கேட்டது மட்டும் எனக்கு வேண்டியிருந்தது, என்றைக்கோ. அந்தக் கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அவர் நல்ல மனிதரா என்று கேட்டீர்கள். நல்ல மனிதர்தான். உங்களுக்கு வாங்குங்கள் என்றால் அவருக்குக் கை வராது, லிஸ்ட் கொடுத்தால்தான் வாங்குவார். அதனால்தான் லிஸ்ட் எழுதினேன். ஒன்பதாம் நம்பர் உங்கள் பழைய செருப்பைப் பார்த்து எழுதியது. நாற்பத்திரண்டு, அந்த நீலக் கோட்டுச் சட்டையைக் கையால் அளந்து எழுதியது.

இந்தக் கடிதம் வரும்போது அந்த ஷூ யார் காலில் இருக்கிறதோ, அவர்தான் அந்த ஆள்.

பெனாசிரிடம் எதுவும் சொல்லவேண்டாம். அவள் பணம், அவள் அத்தாவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

சாஜிதா

துபாய்
18-1-2026

சாஜிதாவுக்கு சலாம். நான் சுகம்.

உன் கடிதத்தை முந்தாநாள் படித்தேன். முதலில் கோபம் வந்தது. அண்ணனை இப்படியா ஏமாற்றுவாய்? பிறகு குனிந்து காலைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெனாசிர் "கால் வலிக்குதா அத்தா?" என்று கேட்டாள். இல்லம்மா என்றேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

நீ திருமணம் வேண்டாம் என்றதில் எனக்கு நிம்மதியா வருத்தமா என்று தெரியவில்லை. வந்து நேரில் பேசுவோம். நீ கத்தவேண்டும், நான் கேட்பேன்.

இன்று காலை நடந்துகொண்டே படகுத்துறைக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, தெருவுக்கு அந்தப் பக்கம் பணம் அனுப்புகிற கடையில் அதே வரிசை. பார்த்தேன். கால் அங்கே திரும்பவில்லை. அப்ராவில் ஏறி உட்கார்ந்தேன். இருபத்தேழு வருஷம் தண்ணீரைப் பார்த்ததே இல்லை, கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். இன்று புதுக் கடிகாரம் கையில் இருந்தது, மணி பார்க்கவில்லை. அக்கரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கினேன், கொஞ்ச நேரம் நின்றேன், அடுத்த படகில் திரும்பி வந்துவிட்டேன்.

போக ஒரு திர்ஹம், வர ஒரு திர்ஹம். பெருக்கிப் பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நாற்பத்தெட்டு ரூபாய். தகும்.

படகுக்காரன் பில் தரமாட்டான். இதை மட்டும் நீ என் வாய்ச்சொல்லை நம்பிக் கணக்கில் சேர்த்துக்கொள்.

உன் அண்ணன்
ஜமால் முகம்மது